பெயிண்ட் அடித்த பிறகு பிளக் பாயிண்ட் சூடாகிறது: என்ன செய்யலாம்?

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

தீபாவளிக்கு முன்பு தெரிந்தவர் மூலம் ஒரு பெயிண்டரைப் பிடித்து வீடு முழுவதும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வேலை நடந்த நாள்களில் குடும்பம் தோ பாயோவில் வாசகியின் அம்மா வீட்டில் தங்கியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் சுவரெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பல பிளக் பாயிண்டுகளின் மேல் பெயிண்ட் தெறித்திருக்கிறது. சிலவற்றின் முகப்பைக் கழற்றி மாட்டியதுபோல் திருகாணிகள் கோணலாக இருக்கின்றன. வந்த முதல் இரண்டு மாலையும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனது, அதாவது தானாக விழுந்தது. அதற்குப் பிறகு ஆகவில்லை. சமையலறை பாயிண்டில் கெட்டில் போட்டால் உள்ளே மெல்லிய சடசடப்பு, பிளக்கைத் தொட்டால் சூடு. போன் சார்ஜர் போட்டால் எதுவும் இல்லை. படுக்கையறை பாயிண்டில் பிளக் நுழையவே மறுக்கிறது. கணவர் பேனாவால் மேல் துளையை அழுத்தித் திறந்து செருகியிருக்கிறார்.

"பெயிண்ட் காய்ந்ததும் சரியாகிவிடும், அதுதான் ஆர்சிசிபி இருக்கிறதே" என்கிறார் மாமியார். "ஊரில் வயரிங் வேலை பார்த்தவன், நானே கழற்றிப் பார்க்கிறேன்" என்கிறார் கணவர். "வந்து தின்னர் போட்டுத் துடைத்துத் தருகிறேன், மிச்சப் பணத்தைக் கொடுங்கள்" என்கிறார் பெயிண்டர். வீட்டில் மூன்று வயதுப் பையன் வேறு. யார் சொல்வதைக் கேட்பது, செலவு யாருடையது, அடுத்து அம்மா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறோமே, அங்கே என்ன செய்வது என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூவரில் யார் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். சமையலறை பாயிண்டை இந்த நிமிடமே நிறுத்துங்கள். சடசடப்பும் சூடும் சேர்ந்து வந்தால் உள்ளே எங்கோ இணைப்பு சரியாக இல்லை என்று பொருள். அது நாளாக ஆக மோசமாகுமே தவிர, தானாகச் சரியாகாது.

முதலில் செய்ய வேண்டியவை

பிளக்கை அப்படியே பிடித்து இழுக்காதீர்கள். டிபி பாக்ஸில், அதாவது வீட்டின் மின்சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்திருக்கும் பெட்டியில், சமையலறைக்கான எம்சிபியை (அந்த சர்க்யூட்டுக்கு உரிய சுவிட்ச்) இறக்குங்கள். எது சமையலறையுடையது என்று எழுதியிருந்தாலும் அதை முழுசாக நம்ப வேண்டாம். அந்த எழுத்து தப்பாக இருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டால் சந்தேகமில்லை. பிளக் ஆறியதும் கழற்றி அதன் கால்களைப் பாருங்கள். பழுப்பாகவோ கருப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அந்தக் கெட்டிலை வேறு பாயிண்டில் செருகக் கூடாது. வெந்துபோன கால்கள் நல்ல பாயிண்டையும் கெடுத்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டி அதே சர்க்யூட்டில் இருந்தால் வேறு சர்க்யூட்டில் உள்ள சுவர் பாயிண்டுக்கு அருகே நகர்த்திச் செருகுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை வீடு முழுக்க இழுத்துப் போடுவதைவிட அது நல்லது. படுக்கையறையில் பேனாவால் திறந்த பாயிண்டையும் தொடாமல் விடுங்கள். பையன் கை எட்டும் உயரத்தில் இருந்தால் அந்த சர்க்யூட்டின் எம்சிபியையும் இறக்கியே வையுங்கள்.

புகையோ கருகிய வாசனையோ வந்தால் மெயினை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ பிடித்துவிட்டால் எல்லாரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 995க்கு அழையுங்கள்.

பெயிண்ட் மட்டும் காரணமில்லை

உங்கள் கடிதம் முழுக்கப் பெயிண்டைப் பற்றிய கவலைதான் தெரிகிறது. முகப்பின் மேல் தெறித்துக் காய்ந்த சுவர்ப் பெயிண்ட் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டுமே. காய்ந்த பெயிண்டில் மின்சாரம் எளிதில் பாயாது. என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கோணல் திருகாணிகள்தான்.

ஓரத்தில் நேர்த்தியாக அடிப்பதற்காகப் பெயிண்டர்கள் முகப்பின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி வெளியே இழுத்து விடுவார்கள். அதற்குப் பின்னால் மூன்று வயர்கள் பாயிண்டோடு இறுக்கப்பட்டிருக்கும். பழைய வயர் விறைப்பாக இருக்கும், நீளமும் போதாது. இழுத்துத் திருப்பி மறுபடி உள்ளே தள்ளும்போது வயர் தன் திருகாணியிலிருந்து அரை மில்லிமீட்டர் நழுவினால் போதும். வெளியே எதுவும் தெரியாது, பாயிண்ட் வேலையும் செய்யும். ஆனால் அந்த இடத்தில் மின்தடை கூடிவிடும்.

கணக்காகச் சொல்கிறேன். நம் வீடுகளில் 230 வோல்ட். 2,200 வாட் கெட்டில் ஏறக்குறைய 9.5 ஆம்ப் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் சுமார் 45 வாட் வெப்பம் உண்டாகும். சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து மூடி வைத்தது மாதிரி. சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், இணைப்பு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். நீங்கள் கேட்கும் சடசடப்பு பெரும்பாலும் அங்கே நடக்கும் சின்னச் சின்னப் பொறிகளின் சத்தமாக இருக்கும்.

போன் சார்ஜர் போட்டபோது சூடாகாததற்கும் இதே கணக்குதான் காரணம். சார்ஜர் இழுப்பது மிகச் சொற்பம். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கானால் வெப்பம் நூறில் ஒரு பங்காகிவிடும். சார்ஜர் நன்றாக ஓடுவதை வைத்துப் பாயிண்ட் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பாயிண்டின் குணம் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ஏர் ஃபிரையர் போடும்போதுதான் தெரியும்.

பெயிண்ட் ஆபத்தாவது அது துளைகளுக்குள் போகும்போது. உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிகளில் ஒட்டிக் காய்ந்தால் பிளக்கின் காலும் பிடியும் முழுசாகத் தொடாது. அங்கேயும் அதே சூடுதான். உங்கள் படுக்கையறை பாயிண்டில் பிளக் நுழையாததற்கும் உள்ளே போன பெயிண்ட்தான் காரணமாக இருக்க வேண்டும். நம் 13 ஆம்ப் பாயிண்டில் லைவ், நியூட்ரல் துளைகளுக்கு உள்ளே சின்னக் கதவு இருக்கிறது. பிளக்கின் மேல்கால், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கால், மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் நுழைந்து கதவைத் திறக்கும். பிள்ளைகள் எதையாவது குத்திவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. பெயிண்ட் ஒட்டினால் கதவு திறக்காது, அல்லது ஒருமுறை திறந்தபிறகு மூடாது. மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இரண்டாவதுதான் பயங்கரம்.

பேனாவால் குத்தித் திறக்கும் பழக்கம் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சேஃப்டி மார்க் (பாதுகாப்பு முத்திரை) உள்ள அடாப்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

இன்னொன்று. எர்த் பிடியில் பெயிண்ட் படிந்திருந்தாலோ எர்த் வயர் கழன்றிருந்தாலோ உங்களுக்குத் தெரியவே தெரியாது. இஸ்திரிப்பெட்டி சூடாகும், ரைஸ் குக்கர் வேகவைக்கும், எல்லாம் வழக்கம்போல் நடக்கும். ஒருநாள் சாதனத்தின் உலோக உடலில் மின்சாரம் கசியும்போதுதான் எர்த் இல்லாதது தெரியும். அதைக் கண்டுபிடிப்பது யாருடைய கையாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆர்சிசிபி இருக்கிறதே?

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆர்சிசிபி உயிர் காக்கும் கருவி. லைவ் வழியே போன மின்சாரம் அதே அளவு நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் 30 மில்லிஆம்ப் வித்தியாசம் வந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஆனால் தளர்ந்த இணைப்பில் மின்சாரம் எங்கும் கசிவதில்லை. போன அளவே திரும்புகிறது. ஆகவே ஆர்சிசிபிக்கு எந்தக் குறையும் தெரியாது. எம்சிபிக்கும் தெரியாது, ஏனென்றால் அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது. உங்கள் கெட்டில் வழக்கமான 9.5 ஆம்பைத்தான் இழுக்கிறது. இரண்டு காவலாளிகளும் விழித்திருக்க, நடுவில் பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கும். ஒருவர் லைவையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டு, வேறு எங்கும் கசிவு இல்லையென்றால், அப்போதும் ஆர்சிசிபி விழாது.

சரி, முதல் இரண்டு மாலை ட்ரிப் ஆனது ஏன்? ஈரம்தான் காரணமாக இருக்க வேண்டும். பட்டியும் (சுவரைச் சமன்படுத்தப் பூசும் கலவை) சுவர்ப் பெயிண்டும் தண்ணீர் கலந்தவை. உள்ளே கொஞ்சம் ஒழுகியிருந்தால் லைவுக்கும் எர்த்துக்கும் இடையே ஈரத்தின் வழியே கசியும். காய்ந்ததும் கசிவு குறைந்திருக்கும், ட்ரிப் நின்றிருக்கும். ஆக, ட்ரிப் நின்றது நல்ல செய்தி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பாயிண்டுக்குள் ஈரம் போனதற்கு அது சாட்சி. மாட்டும்போது வயரின் தோல் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆர்சிசிபி ட்ரிப் ஆனால் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

உங்கள் கணவர் கழற்றலாமா?

அவருடைய அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வேண்டாம். முதலில் சட்டம்: இங்கே வீட்டு வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் உள்ளதா என்று நீங்களே சரிபார்க்கலாம். எலக்ட்ரிஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர் என்று உரிமத்தில் மூன்று வகை. உங்கள் வீட்டு வேலைக்கு எலக்ட்ரிஷியன் உரிமமே போதும். பெயிண்டர், ஏர்கான் சர்வீஸ் செய்பவர், "எல்லா வேலையும் செய்வேன்" என்று வருபவர் எல்லாரிடமும் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வயர் நிறம். ஊரில் (இந்தியாவில்) நீல வயர் மூன்று ஃபேஸ்களில் ஒன்று, அதாவது லைவ். கருப்பு நியூட்ரல். சிங்கப்பூரின் புதிய வயரிங்கில் நீலம்தான் நியூட்ரல், பழுப்பு லைவ். மூன்று ஃபேஸ் உள்ள இடங்களில் கருப்பும் லைவ்தான். பழைய வீவக வீடுகளில் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல். இடையில் ஒருமுறை புதுப்பித்த வீட்டில் இரண்டு வகையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஊர்ப் பழக்கத்தில் கை தானாக ஒரு நிறத்தை நம்பிவிட்டால் போச்சு.

பாயிண்டின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திறக்கலாம் என்று அவர் எழுதச் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். சாதாரணப் பாயிண்டில் அந்த சுவிட்ச் லைவை மட்டும், அதுவும் துளைக்குப் போகும் வழியில்தான் துண்டிக்கிறது. பின்னால் வயர் வந்து சேரும் திருகாணியில் மின்சாரம் அப்படியே இருக்கும். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் எரியவில்லை என்பதும் உத்தரவாதம் இல்லை. வெளிச்சத்தில் அந்தச் சின்ன நியான் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. எர்த் கழன்றிருப்பதையோ நியூட்ரல் தளர்ந்திருப்பதையோ அது காட்டவும் காட்டாது.

தின்னர் வேண்டாம், மாற்றிவிடுங்கள்

பெயிண்டர் தின்னரோடு வந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தின்னர் பெயிண்டைக் கரைத்து இன்னும் உள்ளே கொண்டுபோகும். பிளாஸ்டிக்கைப் பாதித்து விரிசல் விழவைக்கலாம். அதன் ஆவி தீப்பிடிக்கும் பொருள், உள்ளேயோ பொறி பறக்கும் பாயிண்ட். உள்ளே பெயிண்ட் போன பாயிண்டைச் சுத்தம் செய்வதில் எந்த லாபமும் இல்லை. ஒரு பாயிண்டின் விலை அவ்வளவு அற்பம்.

எலக்ட்ரிஷியன் வரும்போது அந்த இரண்டு பாயிண்டுகளை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரே கை திறந்து மூடிய வேலை. ஆகவே திருகாணி தொடப்பட்டதாகத் தெரியும் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், லைட் சுவிட்சுகள் உட்பட. வயர் நுனி கருகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிப் புதிதாக உரித்து மாட்ட வேண்டும். அப்புறம் 500 வோல்டில் இன்சுலேஷன் சோதனை (வயரின் தோல் கசிவைத் தடுக்கிறதா என்பது), எர்த் வயர் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்பது, லைவ்-நியூட்ரல் மாறாமல் இருக்கிறதா என்பது, ஆர்சிசிபி விழும் சோதனை எல்லாம் செய்யச் சொல்லுங்கள். இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் ஈரமோ நசுங்கிய வயரோ இன்னும் உள்ளே இருக்கிறது. சோதனைக் கருவி இல்லாமல் ஸ்குரூடிரைவர் மட்டும் கொண்டு வந்தவரை நான் என் வீட்டில் விடமாட்டேன்.

முகப்பின் மேல் மட்டும் தெறித்திருப்பவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. எம்சிபியை இறக்கிவிட்டு மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கத்தியோ ஈரமோ வேண்டாம்.

பணம் யார் கொடுப்பது?

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த மாதிரித் தகராறுகளின் நடுவில் அடிக்கடி நிற்பவன். எலக்ட்ரிஷியன் கைவைக்கும் முன்பே எல்லாப் பாயிண்டுகளையும் படம் எடுங்கள், திறந்தபின் உள்ளேயும் எடுங்கள். என்ன பார்த்தார், எதை மாற்றினார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாயிண்டுகளை எந்த அறையுடையது என்று எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். குப்பையில் போட்டுவிட்டால் வாய்ச்சொல்தான் மிஞ்சும்.

பிறகு பெயிண்டருக்கு வாட்ஸப்பில் மரியாதையாக எழுதுங்கள்: நடந்தது இது, ரசீது இது, மிச்சத் தொகையிலிருந்து இதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று. மொத்தப் பணத்தையும் நிறுத்திவைக்க வேண்டாம். சுவர் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாயிண்ட் இருபது வருடப் பழையதாக இருந்து ஏற்கெனவே தளர்ந்திருந்தால் எல்லாப் பழியும் அவர் மேல் இல்லை, அதையும் எலக்ட்ரிஷியன் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒத்துவரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கு மேல் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேசுவீர்கள். சில நூறு வெள்ளிக்காக அதுவரை போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன்.

அம்மா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

தோ பாயோ வீடு பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பெயிண்ட் வாங்கும் முன்பு டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். டெஸ்ட் என்றோ 'டி' என்றோ எழுதிய சின்னப் பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா? அதுதான் ஆர்சிசிபி. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளில் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் பெயிண்ட் வேலையைத் தள்ளிவைத்து அதை முதலில் போடுங்கள். இருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் இருக்கும் அலங்காரம்தான், மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் சோதிப்பது நல்லது, உங்கள் வீட்டிலும்.

பெயிண்டரிடம் வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: பாயிண்ட், சுவிட்ச் எதையும் தளர்த்தக் கூடாது, ஓரத்தில் டேப் ஒட்டி அடித்தால் போதும். துளைகளின் மேலும் டேப் இருக்கட்டும். முகப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்கு எலக்ட்ரிஷியனை வரவழைத்துக் கழற்றி, சுவர் காய்ந்தபின் அவரே வந்து மாட்டட்டும். அடிக்கும் அறையின் எம்சிபி இறங்கியிருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு வேறு அறையிலிருந்து விளக்கு எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்த சுவரைக் கழுவும்போது ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், பாயிண்டைச் சுற்றித் தண்ணீர் வழியக் கூடாது.

வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவராவது இருங்கள். அம்மாவைத் தனியாக நிறுத்தி மேற்பார்வை பார்க்கச் சொல்லாதீர்கள், நீங்களோ உங்கள் கணவரோ போங்கள். அவருடைய வயரிங் அனுபவம் அங்கே நன்றாகப் பயன்படும்: யார் எந்தத் திருகாணியில் கைவைக்கிறார்கள் என்று அவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்டிலும் நல்ல கெட்டிலைப் போட்டு ஒரு தடவை தண்ணீர் கொதிக்கவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.